காந்தம் ஒட்டிய இடம்

நான் வேலை செய்யும் அறைக்குள் போவதற்கு முன்னால் ஒரு பெண் கழற்றி வைக்க வேண்டியவை எத்தனை என்று ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் பெல்ட்டையும் சாவியையும் செல்போனையும் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு வீசின கையும் வெறும் கையுமாகப் போய்விடுவார்கள். எனக்குக் கொண்டை ஊசி, துப்பட்டாவில் ஊக்கு, கடைசியில் தாலிச் சங்கிலி. சங்கிலி தங்கம்தான், அதைக் காந்தம் சீண்டாது. ஆனால் அவசர ஆத்திரத்துக்கு உதவும் என்று நம் ஊர்ப் பெண்கள் அதில் நாலு ஊக்கைக் கோத்து வைத்திருப்போமே, அது இரும்பு. கல்யாணமான புதிதில் அதை மறந்து உள்ளே போய்விட்டேன். சங்கிலி தானாக எழும்பி என் நெஞ்சுக்கு முன்னால் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு வெளியே வந்தவள், அன்றைக்கே ஊக்குகளைக் கழற்றி எறிந்தேன். அந்தப் பயத்தில் சங்கிலியையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவேன்.

அந்த அறைக்குள் இருப்பது ஒரு பெரிய காந்தம். பால் சொசைட்டியில் இருக்கும் தொட்டி போல, ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். வெளியே தொட்டால் சாதாரணமாக இருக்கும். உள்ளே திரவ ஹீலியத்தில் மூழ்கிய கம்பிச் சுருளில் மின்சாரம் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட முடியாது. ஸ்பேனர் ஒன்று தவறிப் பறந்தால் ஆள் போய்விடும், காந்தமும் போய்விடும். அதனால்தான் வாசலில் டப்பா.

இந்தக் காந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று ஊரில் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அதைப் பெரிய காந்தத்துக்கு நடுவில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையை அனுப்பினால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது அலையை வாங்கிக்கொண்டு தலைகீழாகத் திரும்பும். அந்த இடத்தை வைத்து, அது எந்த அணுவின் பக்கத்தில் இருக்கிறது, சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம். காந்தம் சின்னதாக இருந்தால் எல்லாக் குரலும் ஒரே இரைச்சலாகக் கேட்கும். காந்தம் பெரிதாக ஆக ஆக, ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பிரியும். எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு என்று இதற்குப் பெயர். பெயரைச் சொன்னதும் கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் அதைக் கடைசியில்தான் சொல்வேன்.

இதில் என் வேலை, குச்சி செய்வது. காந்தத்தின் நடுவில் இருக்கும் துளைக்குள், மேலிருந்து கீழே இறங்கும் நீளமான உலோகக் குழாய் அது. நுண்ணலை அதன் வழியாகத்தான் இறங்கும், திரும்பி ஏறும். அதன் நுனியில், விரல் நகத்தளவு இடத்தில், ஒரு மெல்லிய குவார்ட்ஸ் குழாய்க்குள் நாங்கள் பார்க்க வேண்டிய பொருள் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு சின்னக் கம்பிச் சுருள். இவ்வளவும் நாம் நினைத்துப் பார்க்க முடியாத குளிரில் இருக்கும். நுனியில் ஒரு துளி இரும்பு இருந்தாலும் அளவீடு மொத்தமும் பாழ். அதனால் குச்சிக்குள் போகும் ஆணி ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் போடுவேன். அதற்கென்று புளியங்கொட்டை அளவில் ஒரு காந்தத்தை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். ஆணி மேல் அது வழுக்கிக்கொண்டு போனால் என் மனம் குளிர்ந்துவிடும். ஒட்டினால், அந்த ஆணி குப்பைக்குப் போகும்.

கையும் சும்மா இருக்காது, காந்தமும் சும்மா இருக்காது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியில் கையில் கிடைத்ததை எல்லாம் தொட்டுப் பார்ப்பேன்.

"இன்னாடி இது, சொம்புக்குத் தூக்குப் போட்டுக்கினு இருக்க?" என்று அம்மா கேட்டாள்.

"நல்ல எவர்சில்வரான்னு பாக்கறேம்மா. ஒட்டாட்டி நல்லது."

"ஒட்டினா?"

"கொஞ்சம் கம்மி."

அவ்வளவுதான். அடுக்கில் இருந்த பாத்திரம் அத்தனையையும் இறக்கி என் முன்னால் பரப்பிவிட்டாள். பாதிக்கு மேல் ஒட்டியது. கல்யாணச் சீர் என்று எனக்குக் கொடுக்க வாங்கி வைத்த குடம் முதலில் ஒட்டியது. "கடக்காரன் நம்ம தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நான் பையைத் திறந்தாலே, "அந்தப் பீடைய வெளிய எடுக்காத" என்பாள்.

அம்மாவுக்கும் எனக்கும் இரும்பு விஷயத்தில் இப்படி ஏழாம் பொருத்தம். நான் இரும்பை விலக்குகிறவள். அவள் இரும்பை நம்புகிறவள்.

எங்கள் பக்கம் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் வாசலைத் தாண்டினால் உடம்பில் ஒரு இரும்பு இருக்க வேண்டும். காற்று கருப்பு அண்டாது என்பது கணக்கு. சிலர் ஆணி வைத்துக்கொள்வார்கள், சிலர் சின்னக் கத்தி. அம்மாவிடம் ஒரு சாவி இருந்தது. சுண்டுவிரல் நீளம், கறுத்துத் தடித்தது. அதன் பூட்டும் போய்விட்டது, பூட்டியிருந்த பெட்டியும் போய்விட்டது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒன்று தங்கவில்லை. அடுத்து நான் வயிற்றில் வந்தபோது அந்தச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டாள். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லையாம். நான் தங்கிவிட்டேன். அதனால் என்னைப் பெற்றதில் அப்பாவுக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சாவிக்கும் அவ்வளவு பங்கு என்பது போலத்தான் அம்மா பேசுவாள்.

நான் முதல் முறை முழுகாமல் இருந்தபோது சாவியைத் துணியில் முடிந்து சென்னைக்குக் கொடுத்தனுப்பினாள். நானும் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் காந்தத்து அறைக்குள் அதை எப்படிக் கொண்டுபோவது? பகல் முழுக்க அது கொண்டை ஊசிகளோடு டப்பாவில் கிடந்தது. அம்மா ஒரு தடவை போனில் கேட்டாள், நான் உள்ளதைச் சொன்னேன். "ஓ, வாசல்லயே வெச்சிட்டுப் போயிடுவியா" என்றாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. டாக்டர்கள் என் உடம்பைப் பார்த்துச் சொன்ன காரணத்துக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, சாவிக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது முறை என்னைப் பார்க்க வந்த அம்மா, திரும்பிப் போகும்போது மேஜை மேல் கிடந்த சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாதவளோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்றாவது முறை, வயிறு லேசாகத் தெரியத் தொடங்கியதுமே டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். வேலை, அலைச்சல், மாடிப்படி எதுவும் கூடாது. என் வீட்டுக்காரர் காரை ஊர்வலம் போல மெதுவாக ஓட்டி என்னைக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டு, வேலைக்காகச் சென்னைக்குத் திரும்பினார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். நான் வந்து இறங்கிய அன்றைக்கே அம்மா என் இடுப்பில் சாவியைக் கட்டினாள். இனி எந்த அறைக்குள்ளும் போகப் போவதில்லை, கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பு கிடையாது. அதை யாரும் பேசவும் இல்லை. அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து வந்தால் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார்.

ஜன்னல் ஓரமாகக் கட்டில். படுத்தபடியே பார்த்தால் வடமேற்கில் கல்வராயன் மலை, காலையில் நீலமாக, பத்து மணிக்கு மேல் வெயிலில் கரைந்து ஒன்றும் இல்லாததாக. மடியில் தலையணை, அதன் மேல் லேப்டாப். வயிற்றில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்று இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் இருந்தது என் புதிய குச்சி.

அது அப்போது படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. குவார்ட்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள நான் ஒரு பிளாஸ்டிக் பிடி வரைந்திருந்தேன். குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும், குவார்ட்ஸ் சுருங்கவே சுருங்காது. பிடியை இறுக்கமாகச் செய்தால் குளிரில் அது குழாயை நெரித்து உடைத்துவிடும். தளர்வாகச் செய்தால், சுருளில் ஓடும் மின்சாரத்தைப் பெரிய காந்தம் போட்டு உலுக்கும்போது குழாயும் சேர்ந்து ஆடி, அளவீடெல்லாம் நடுக்கமாக வரும். லேபில் என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி போனைக் காந்தத்து அறை வாசலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி வரைந்து அனுப்புவேன். "ஆடுது" என்பாள். இறுக்கி அனுப்புவேன். அடுத்த நாள் போனை எடுத்ததும் அவள் பேசாமல் இருந்தாலே தெரிந்துவிடும்.

"உடைஞ்சிடுச்சா?"

"ம். நல்லவேளை, உள்ள வெறும் தண்ணிதான் வெச்சிருந்தோம்."

உண்மையில் அதற்குள் போக வேண்டியது, இலை வெயிலை வாங்கி மூச்சுவிடும் இடத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு துளி. அதைப் பிரித்தெடுக்க வேறொரு குழு மாதக்கணக்கில் உழைத்திருந்தது. அது உடைந்தால் யாருக்கும் முகம் கொடுக்க முடியாது. உடைந்த குழாயைப் பற்றிப் போனில் பேசும்போதெல்லாம் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள். ஒருநாள் வந்து நின்றே விட்டாள்.

"ஒடஞ்சிது, ஒடஞ்சிதுன்னு இன்னாத்துக்கு வாய்ல வருது? வயித்துல புள்ளய வெச்சிக்கினு பேசற பேச்சா இது?"

அன்றிலிருந்து போனில் 'போச்சு' என்று மட்டும் சொல்லப் பழகினேன். தோழிக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. படுக்கையில் இருப்பவளுக்கு என்ன பெரிய விழா, கட்டிலிலேயே தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சந்தனம் பூசிவிட்டுப் போனார்கள். எங்கள் வழக்கப்படி முதலில் வேப்பங்குச்சியை வளைத்து நூலால் சேர்த்துக் கட்டிய காப்பு, அதற்கு மேல் கண்ணாடி வளையல்கள். "ஒரு அளவு பெருசா பாத்துப் போடுங்க, மாசம் ஏற ஏறக் கை வீங்கும், பொறக்கறமுட்டும் கழட்டக்கூடாது" என்று வளையல்காரம்மாவிடம் அம்மா சொன்னாள். இரண்டு கையும் நிறைந்து, நான் டைப் அடித்தால் கச்சேரி நடப்பது போல இருந்தது. போனில் தோழி கேட்டாள், "என்ன சத்தம்? குச்சி அங்கயும் ஆடுதா?"

கை வீங்கத்தான் செய்தது, அம்மா நினைத்ததற்கு முன்பே. கண்ணாடி வளையல்கள் சதையில் பதியத் தொடங்கின. வேப்பங்குச்சிக் காப்பு மட்டும் உறுத்தவில்லை. நூல் இற்றுப்போய் அதன் வாய் திறந்திருந்தது. கை வீங்கினால் விரிந்து கொடுத்தது, வடிந்தால் தானாக வந்து கையோடு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் சாமைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பங்குச்சிதான் எனக்குப் பாடம் நடத்தியது என்று கதைவிட மாட்டேன். வாய் பிளந்த பிடி லேத் பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த சமாச்சாரம், எனக்கும் தெரியும். ஆனால் குழாய் ஆடுகிறதே என்ற எரிச்சலில், சுற்றிலும் மூடிய வளையமாகத்தான் வரைந்துகொண்டிருந்தேன். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு, பிடியில் நீளவாக்கில் நாலு வெட்டு போட்டேன், இதழ் இதழாக விரிந்து கொடுக்கும்படி. குளிரில் நெரிக்காது, ஆனால் கையை எடுக்கவும் எடுக்காது. வரைந்து அனுப்பிவிட்டு ஆறிப்போன கஞ்சியைக் குடித்தேன். அது நன்றாக இருந்தது என்று ஞாபகம்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், கட்டிலில் கையை ஊன்றி எழுந்தபோது கண்ணாடி வளையல் ஒன்று படக்கென்று தெறித்தது.

அம்மா ஓடிவந்தாள். தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்தாள். பிள்ளை பிறக்கும் முன்னால் வளையல் உடைந்தால் என்னவென்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள்.

"அம்மா, கை வீங்கியிருக்கு, கண்ணாடி தாங்கல. அவ்ளோதாம்மா."

"உம். நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவள் துண்டுகளை அப்படியே போட்டாள். கை மட்டுமா, முகமும் வீங்கியிருந்தது. கண்ணில் பூச்சி பறந்தது எனக்கு. ஊர் நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்தார். "ஜாஸ்தியா இருக்குங்க. உடனே கள்ளக்குறிச்சிக்குக் கெளம்புங்க" என்றார். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினார்கள். வழியெல்லாம் கரும்பு டிராக்டர்கள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்பா கார் ஜன்னலில் உடம்பைப் பாதி வெளியே நீட்டி, ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். அந்த மனுஷன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. இடதுபக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. வயிற்றில் அசைவு இருக்கிறதா என்று நான் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். என் கையின் மேல் அம்மா கையை வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளையை இப்போதே எடுத்தால்தான் இரண்டு பேருக்கும் நல்லது என்றார்கள். ஊசி போட இடம் வேண்டும் என்று வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா சோப்பு போட்டு ஒவ்வொன்றாக உருவினாள். உடைக்காமல் உருவ வேண்டும் என்பதற்காக அவள் பட்ட பாட்டைப் பார்த்து சிஸ்டரும் அவசரப்படுத்தாமல் நின்றார். பிறகு தாலிச் சங்கிலி. பிறகு என் இடுப்பில் இருந்த சாவி.

"இது உள்ள வரக்கூடாதும்மா" என்றார் சிஸ்டர்.

"இது ஒண்ணுங்க. ஓரமா தலமாட்டுல வெச்சா போதும். உள்ள எடுத்துக்கினு போவக்கூடாதுங்களா?"

அம்மா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சிஸ்டர் பாவம், கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினார். அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? மறுபடியும் வாசலில்.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு எனக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுதான். "அம்மா, எங்க லேப்லயும் இப்பிடித்தான். எல்லாத்தயும் வாசல்ல வெச்சிட்டுத்தான் உள்ள போவேன். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து எடுத்துக்கறேன் இல்ல? நீ புடிச்சிக்கினு நில்லு. வந்து வாங்கிக்கறேன்."

"வா" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வாசலுக்குள் போக எனக்கு அவ்வளவு பயம் வந்தது அன்றைக்குத்தான்.

பெண் பிள்ளை. என் முழங்கைக்கு உள்ளே அடங்கிவிடும் அளவு. அழுதாள் என்று சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை. உடனே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்து அழுதார், பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் அழுதார். போனில் தோழியின் செய்தி வந்து கிடந்ததை அடுத்த நாள்தான் பார்த்தேன். புதுப் பிடியோடு எடுத்த அளவீட்டின் வரைகோட்டைத் திரையிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருந்தாள். முகடுகள் பல் பல்லாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. கீழே, "போகல" என்று மட்டும் எழுதியிருந்தாள். சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் வலித்தது.

ஆனால் எங்கள் பிள்ளைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார்கள். காலையில் கேட்டாலும் பார்க்கலாம், மாலையில் கேட்டாலும் பார்க்கலாம். பால் பீய்ச்சிக் கொடுக்க என்னை மட்டும் உள்ளே விடுவார்கள். கையைக் கழுவி, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போவேன். பெட்டிக்குள் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். மற்றவர்கள் வெளியே நின்று கண்ணாடிச் சுவர் வழியாகத்தான் பார்க்க முடியும். அம்மா அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. சாவியும் அவள் கையை விட்டு நகரவில்லை. நான் வெளியே வந்ததும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன் அல்லவா, கேட்டால் கொடுக்க மாட்டேன் என்றாள். "உனக்கு இன்னாத்துக்கு? அதுக்குத்தான் வேணும். அது தனியாக் கெடக்குதே" என்றாள்.

பிறந்த பிள்ளையின் பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். தூளியில் கிடந்தால் தூளிக்கு அடியில் வைப்போம். பெட்டிக்குள் எதை வைப்பது? "ஒரே ஒரு ஆணி. துணியில சுத்தி. கேட்டுப் பாரேன்" என்று தினமும் சொன்னாள். கிருமி பற்றி விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அடுத்த நாள், "ஆணிய வெந்நியில போட்டுக் கொதிக்க வெச்சா?" என்பாள். நான் எரிந்து விழுந்தேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்காமல் நின்றது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

அவளுக்குத் துணையாக அங்கே வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள். வலி வந்ததும் ஜீப்பில் மலையிறங்கி வந்தவள். அவள் மகன் எங்கள் பிள்ளைக்கு அடுத்த பெட்டியில் இருந்தான். அவள் இடுப்பில் முனை ஒடிந்த அரிவாள் துண்டு ஒன்று துணியில் சுற்றி இருந்தது. அம்மாவும் அவளும் பேசிக்கொள்ளாமலே ஒருத்தியை ஒருத்தி புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நேற்றைவிட மூச்சு கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்றார். நான் வெளியே வந்து அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவளே என் முகத்தில் படித்துவிட்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பி, சாவியைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் கிட்டக் கொண்டுபோக அவளுக்கு வழி இல்லை. எனக்கு எங்கிருந்தோ அது தோன்றியது. என் பையைத் துழாவி அந்தக் காந்தத்தை எடுத்தேன். அம்மா பார்த்தாள். பீடை என்று சொல்லவில்லை.

கையோடு காந்தத்தையும் சோப்பு போட்டுக் கழுவி, அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். "சிஸ்டர், இத ஒரே ஒரு தடவ கீழ தொட்டுப் பாத்துக்கட்டுமா?"

"இன்னாங்க அது?"

"சின்னக் காந்தம்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே சாவியோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தானே. "பெட்டிமேல வேணாம். கீழ சக்கரத்துகிட்ட மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

தையல் இழுக்க இழுக்கக் குனிந்தேன். பெட்டியைத் தாங்கும் பளபளப்பான காலில் காந்தத்தை வைத்தேன். வழுக்கிக்கொண்டு கீழே போனது. நல்ல எவர்சில்வர். இத்தனை வருஷமும் காந்தம் வழுக்கினால் மனம் குளிர்ந்தவள் நான். அன்றைக்கு, வழுக்கிய இடத்திலேயே அதை மறுபடியும் வைத்து அழுத்தினேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கத் தைரியம் இல்லை. எத்தனையோ ஆணிகளை ஒட்டாதே ஒட்டாதே என்று சோதித்திருக்கிறேன். இப்போது, படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, ஒட்டு, ஒட்டிவிடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை இன்னும் கீழே கொண்டுபோனேன். சக்கரத்தை முடுக்கியிருந்த தடித்த ஆணி. டக்கென்று ஒட்டியது.

கையை எடுத்தேன். காந்தம் அங்கேயே நின்றது, நூல் கீழே தொங்கி ஆடியது. திரும்பி அம்மாவைப் பார்த்து, பெட்டியைக் காட்டி, இரும்பு என்று வாயசைத்தேன். அவள் கண் அந்த நூலிலேயே இருந்தது. யாரும் பிடிக்காமல் அது நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் அழவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் வெளியே வந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சாவியின் அச்சு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. "நாலு காலுலயும் இருக்குமா?" என்றாள்.

"நாலுலயும் இருக்கும்மா."

"அப்ப சரி. இந்தா" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இவ்வளவையும் வெள்ளிமலைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அரிவாள் துண்டு இருந்த முடிச்சைப் பிடித்தபடி பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எம்புள்ள பொட்டியயும் ஒருக்கா பாருங்கக்கா."

மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். சிஸ்டர் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. எங்கள் பெட்டியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி எடுத்தேன். அடுத்த பெட்டிக்குப் போனதும் பளபளப்பான காலைத் தொடவே இல்லை. நேராகக் குனிந்து சக்கரத்து ஆணியில் வைத்தேன். வெளியே அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள், பக்கத்தில் அம்மாவும் எழுந்து வந்து நின்றாள். அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நூலைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினேன். வரவில்லை.